வயலில் இறங்கிப் பாடம் படிக்கும் ஜப்பான் குழந்தைகள்: நாரை திரும்பி வந்த ஊர் சொல்வது என்ன?

ஒரு பெரிய நாரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் அரை கிலோ இரை வேண்டும். அயிரை மாதிரி சின்ன மீன்கள், தவளை, பூச்சி, சில நேரம் பாம்பு. இவ்வளவும் ஒரு நெல் வயலில் கிடைக்குமா? ஜப்பானின் டோயோகா என்ற ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறவர்களில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளும் உண்டு. கையில் வலை, பக்கத்தில் ஒரு தட்டு, முழங்கால் வரை சேறு. பள்ளிப் படிப்பின் ஒரு பகுதியாகவே இது நடக்கிறது.

'இயற்கையோடு கற்றல்', 'பசுமை வளாகம்' என்ற வார்த்தைகள் இப்போது நம்ம ஊர் பள்ளி விளம்பரங்களிலும் சகஜம். எல்கேஜி அட்மிஷனுக்கு அலையும் இளம் பெற்றோருக்கு இது நன்றாகவே தெரியும். இதில் எது நிஜமான கற்றல், எது போட்டோவுக்கான ஏற்பாடு என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? டோயோகாவின் கதை அதற்கு ஓர் அளவுகோல் தருகிறது.

அந்த ஊரில் என்ன நடந்தது?

ஹியோகோ மாகாணத்தின் வடக்கே, ஜப்பான் கடலை ஒட்டி இருக்கிறது டோயோகா. நடுவே மருயாமா ஆறு. சுற்றிலும் தாழ்வான நெல் வயல்கள். 'கோனோட்டோரி' என்று ஜப்பானியர் அழைக்கும் வெள்ளை நாரைக்கு இது பழைய வீடு. இறக்கையை விரித்தால் சுமார் 2 மீட்டர் நீளம் வரும் பறவை அது. அந்த ஊரில் 1960-ல் எடுத்த ஒரு படம் ஜப்பானில் ரொம்பப் பிரபலம்: ஆற்றில் ஒரு பெண், அவருடைய மாடுகள், அவற்றுக்குப் பக்கத்திலேயே பயமில்லாமல் நிற்கும் நாரைகள்.

அந்தப் படம் எடுத்து 11 ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிட்டது. வேட்டை, கூடு கட்டும் மரங்கள் வெட்டப்பட்டது, ஆற்றோரச் சதுப்பு நிலங்கள் சுருங்கியது, எல்லாவற்றுக்கும் மேலாக வயலில் கொட்டப்பட்ட பூச்சிக்கொல்லி. ஜப்பானின் கடைசிக் காட்டு நாரை 1971-ல் டோயோகாவில் இறந்தது.

அதற்கு முன்பே, 1965-ல், மிச்சம் இருந்த பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்ய முயன்றார்கள். 24 ஆண்டுகள் ஒரு குஞ்சுகூடக் கிடைக்கவில்லை. 1985-ல் அப்போதைய சோவியத் யூனியனின் கபரோவ்ஸ்க் பகுதியிலிருந்து 6 இளம் நாரைகள் வந்தன. 1989-ல் முதல் குஞ்சு பொரித்தது. 2005 செப்டம்பரில் 5 பறவைகள் வானில் விடப்பட்டன. 2007-ல் காட்டில் பிறந்த ஒரு குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது. 46 ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானில் அப்படி நடந்தது அப்போதுதான். இன்று அந்த நாட்டில் திறந்த வெளியில் வாழும் நாரைகளின் எண்ணிக்கை 300-ஐத் தாண்டிவிட்டது.

பறவையை விட்டால் போதுமா?

போதாது. கூண்டுக்குள் இருக்கும்வரை நாரைக்கு மனிதர்கள் மீன் போடுவார்கள். வெளியே வந்தால் அதுவே இரை தேட வேண்டும். வயலில் மருந்து அடித்துத் தவளையே இல்லை என்றால், விட்ட பறவை பட்டினிதான் கிடக்கும். ஆக, நாரையைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் விவசாயத்தையே மாற்றுவது என்று அர்த்தம்.

2003 முதல் டோயோகாவில் 'நாரையை வளர்க்கும் வேளாண்மை' என்ற முறை பரவத் தொடங்கியது. அதன் முக்கிய அம்சங்கள்:

- பூச்சிக்கொல்லியை முழுதாக நிறுத்துவது, அல்லது பெரிய அளவில் குறைப்பது.
- அறுவடை முடிந்த பிறகு குளிர்காலத்திலும் வயலில் தண்ணீர் நிறுத்துவது. அந்தத் தண்ணீரில் புழுக்களும் நுண்ணுயிர்களும் பெருகும்.
- வாய்க்காலிலிருந்து வயலுக்கு மீன் ஏறி வரச் சின்னச் சின்னப் படிக்கட்டுப் பாதைகள் அமைப்பது.
- பயிர் நடுவே வயலைக் காயவிடுவதைத் தள்ளிப்போடுவது.

கடைசி அம்சம் நம்ம ஊர் விவசாயிக்குச் சட்டென்று புரியும். நெல்லுக்குக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' வேண்டும் என்பார்கள். ஜப்பானிலும் அப்படித்தான், பயிர் ஓரளவு வளர்ந்ததும் தண்ணீரை வடிப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் வயலில் இருப்பது கால் முளைக்காத தலைப்பிரட்டைகள். தண்ணீர் வடிந்தால் அத்தனையும் செத்துப்போகும். சில வாரம் பொறுத்தால் தலைப்பிரட்டை தவளையாகிவிடும், தட்டானின் குஞ்சு தட்டானாகிப் பறந்துவிடும். பிறகு தண்ணீரை வடித்துக்கொள்ளலாம்.

சரி, தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்துவிட்டதா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வயலில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பள்ளிக்கு இதில் என்ன வேலை?

இங்கேதான் குழந்தைகள் வருகிறார்கள். டோயோகாவில் விவசாயிகளோடு சேர்ந்து குழந்தைகள் வயல் உயிரினக் கணக்கெடுப்பு செய்வது வழக்கமாகிவிட்டது. ஒரு வயலில் என்னென்ன உயிர் இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று வலை போட்டு எடுத்துத் தட்டில் வைத்து எண்ணுவார்கள். பெயர் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்வார்கள். பிறகு திரும்ப வயலிலேயே விட்டுவிடுவார்கள்.

இந்தச் சின்ன வேலைக்குள் எத்தனை பாடம் இருக்கிறது பாருங்கள். எண்ணுவது கணக்கு. அடையாளம் காண்பது அறிவியல். மருந்து அடித்த வயலையும் அடிக்காத வயலையும் ஒப்பிடுவது ஆராய்ச்சி. 'ஏன் அந்தத் தாத்தா இன்னும் மருந்து அடிக்கிறார்?' என்று கேட்டால் பதில் பொருளாதாரத்தில் இருக்கிறது. மருந்தில்லா வயலில் களை எடுக்க ஆள் வேண்டும், விளைச்சல் குறையலாம். அதனால் அந்த அரிசிக்குக் கூடுதல் விலை கிடைத்தால்தான் அவரால் மாற முடியும்.

அதே ஊரில் நகராட்சி நடத்திய ஒரு திட்டத்தின் பெயரை ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: 'குழந்தைகளை மீண்டும் காட்டியல்புக்குத் திருப்புதல்'. நாரைக்குப் பயன்படுத்திய அதே வார்த்தையைக் குழந்தைகளுக்கும் வைத்துவிட்டார்கள். பறவை தொலைந்த அதே காலத்தில்தான் ஆற்றில் விளையாடும் குழந்தைகளும் காணாமல் போனார்கள் என்பது அவர்களின் கணக்கு.

மேயரிடம் போன குழந்தைகள்

நாரைகள் விடப்பட்ட பிறகு வந்த ஆண்டுகளில் நடந்தது இது. டோயோகாவின் ஓர் ஆரம்பப் பள்ளி மாணவர்கள், தாங்கள் படித்ததிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாரை வாழ மருந்தில்லா வயல் வேண்டும். அப்படிப்பட்ட வயல் கூட வேண்டும் என்றால், அந்த அரிசியை யாராவது வாங்கிச் சாப்பிட வேண்டும். தினமும் ஊரில் அதிகம் பேர் சேர்ந்து சாப்பிடும் இடம் எது? பள்ளிக்கூடம்!

அப்போதைய மேயர் நகாகை முனேஹாருவைப் பார்த்து, மதிய உணவில் நாரை வயல் அரிசியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். அந்த அரிசி பள்ளித் தட்டுக்கு வந்தது.

இதைக் 'குட்டிப் பசங்க மேயரைப் பார்த்தாங்க' என்ற நெகிழ்ச்சிச் செய்தியாகக் கடந்துவிடலாம். அதற்குள் இருக்கும் தர்க்கத்தைக் கவனியுங்கள். பறவை, தவளை, மருந்து, விவசாயியின் வருமானம், அரிசி விலை, தன் சாப்பாட்டுத் தட்டு. பெரியவர்களே தவறவிடும் இந்தச் சங்கிலியைக் குழந்தைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கோத்திருக்கிறார்கள். 'நீடித்த வளர்ச்சி' என்ற பெரிய வார்த்தைக்கு இதைவிட எளிமையான விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

இது ஒரு ஊரின் ஆர்வம் மட்டும்தானா?

நாரை டோயோகாவின் தனிக்கதை. ஆனால் குழந்தைகளை வெளியே அழைத்துப்போக ஆசிரியருக்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் நாடு முழுக்கப் பொதுவான பாடத்திட்டத்தில் இருக்கிறது.

1989-ல் ஜப்பான் தன் பாடத்திட்டத்தைத் திருத்தியது. 1992 முதல், 1, 2-ம் வகுப்புகளில் அறிவியல், சமூகவியல் இரண்டையும் எடுத்துவிட்டு 'வாழ்க்கைப் பாடம்' என்று சொல்லத்தக்க ஒரே பாடத்தைக் கொண்டுவந்தார்கள். 1-ம் வகுப்புக்கு ஆண்டுக்கு 102 பாடவேளை, 2-ம் வகுப்புக்கு 105. ஒரு பாடவேளை 45 நிமிடம். தோராயமாக வாரத்துக்கு 3. செடி வளர்ப்பது, பூச்சி பிடிப்பது, தெருவைச் சுற்றிப் பார்ப்பது, கடைக்காரரிடம் பேசுவது எல்லாம் இதில் அடக்கம். 3-ம் வகுப்பிலிருந்து அறிவியல் தனியாக வரும். அதோடு, பள்ளியே தலைப்பைத் தீர்மானிக்கும் 'ஒருங்கிணைந்த கற்றல் நேரம்' ஆண்டுக்கு 70 பாடவேளை. வயலும் ஆறும் பெரும்பாலும் நுழைவது இந்த 70-க்குள்தான்.

வகுப்புவாரியாகப் பார்த்தால் பெரும்பாலான பள்ளிகளில் வழக்கமாக நடப்பது இது:

- 1-ம் வகுப்பு: ஆளுக்கு ஒரு தொட்டி. அதில் 'அசாகாவோ'. நம்ம ஊர் வேலியில் படரும் ஊதாப்பூக் கொடியின் உறவு. காலையில் மலர்ந்து, வெயில் ஏறினால் வாடிவிடும்.
- 2-ம் வகுப்பு: தக்காளி, கத்தரி, வெள்ளரி மாதிரி காய்கறி.
- 3-ம் வகுப்பு: முட்டைக்கோஸ் இலையில் முட்டையிடும் வெள்ளை வண்ணத்துப்பூச்சி. முட்டை முதல் சிறகு வரை.
- 4-ம் வகுப்பு: நுரைப்பீர்க்கு மாதிரி ஒரு கொடி. பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்று ஆண்டு முழுக்கக் குறிப்பு.
- 5-ம் வகுப்பு: 'மெதாகா' என்ற குட்டி மீனின் முட்டைக்குள் உயிர் வளர்வது. நிறையப் பள்ளிகளில் நெல்லும் உண்டு. வயல் இல்லாத நகரத்துப் பள்ளி வாளியில் நடும்.

பல பள்ளிகளில் ஜன்னலுக்கு வெளியே வலை கட்டிப் பாகற்கொடியை ஏற்றிவிடுவார்கள். வெயிலைத் தடுத்து வகுப்பறையைக் குளிர்ச்சியாக வைக்கும் 'பச்சைத் திரை' அது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு மின்தட்டுப்பாடு வந்தபோது இது இன்னும் பரவலானது. காய் சமையலுக்கு, நிழல் வகுப்புக்கு.

லீவு விட்டால் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் எந்தப் பள்ளித் தோட்டமும் செத்துப்போவது இந்த இடத்தில்தான்.

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். அசாகாவோ விதையை மே மாதம் விதைப்பார்கள். ஜூலை கடைசியில் கோடை விடுமுறை. சரியாகப் பூக்கிற நேரம்! தீர்வு ரொம்ப எளிமை: 1-ம் வகுப்புக் குழந்தை தன் தொட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்விடும். மண்ணோடு கனக்கும் தொட்டியைத் தூக்கப் பெற்றோரும் வர வேண்டியிருக்கும். அந்த ஒரு மாதமும் தண்ணீர் ஊற்றுவதும், எத்தனை பூ பூத்தது என்று படம் வரைந்து எழுதுவதும்தான் வீட்டுப்பாடம்.

இலையுதிர் காலத்தில் விதை சேகரிப்பார்கள். நிறையப் பள்ளிகளில், அடுத்த ஏப்ரலில் புதிதாகச் சேரும் 1-ம் வகுப்புக் குழந்தைகளுக்கு அந்த விதையைப் பரிசாகக் கொடுப்பார்கள். ஒரு விதை ஒரு வருடத்தில் வட்டமடித்து இன்னொரு கைக்குப் போவதை 7 வயதுக் குழந்தை தானே நடத்திப் பார்க்கிறது.

இதில் ஒரு விஷயம் முக்கியம். வகுப்புக்கு ஒரு செடி என்றால் அது யாருடைய செடியும் இல்லை. ஆளுக்கு ஒரு தொட்டி என்றால், வாடினால் தெரியும், யார் மறந்தார்கள் என்றும் தெரியும். சில செடிகள் முளைக்காமலே போகும். அந்த ஏமாற்றமும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

பலன் இருக்கிறதா?

ஆஸ்திரேலியாவில் சமையல் கலைஞர் ஸ்டெஃபனி அலெக்சாண்டர் 2001-ல் மெல்போர்னின் ஒரு பள்ளியில் தொடங்கிய 'சமையல் தோட்டம்' இதற்கு ஓர் உதாரணம். குழந்தைகளே விளைவித்து, குழந்தைகளே சமைத்துச் சாப்பிடுவார்கள். மெல்போர்ன், டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மதிப்பிட்டபோது, புதிய உணவைச் சுவைத்துப் பார்க்கும் விருப்பம் அந்தக் குழந்தைகளிடம் கூடியிருந்தது. 'இது வேணாம்' என்று தட்டைத் தள்ளும் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

இன்னொரு கோணமும் உண்டு. காடு அழிகிறது, பனி உருகுகிறது என்று சின்ன வயதிலேயே அழிவுக் கதைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தால், குழந்தை இயற்கையைக் கண்டு ஒதுங்கத்தான் செய்யும் என்று அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் 1996-லேயே எச்சரித்தார். முதலில் நேசிக்க இடம் கொடுங்கள், பிரச்சினையைப் பிறகு சொல்லலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஜப்பானின் வகுப்பு வரிசையும் கிட்டத்தட்ட இப்படித்தான் போகிறது. முதலில் ஒரு பூ. மருந்தும் விலையும் பிறகு.

எல்லாமே நன்றாகத்தான் நடக்கிறதா?

இல்லை. ஜப்பான் ஆசிரியர்களின் வேலைப்பளு அந்த நாட்டிலேயே பெரிய விவாதம். செடி, மீன், முயல் எல்லாவற்றையும் கவனிப்பது கடைசியில் அவர்கள் தலையில் விழுகிறது. முயல், கோழி வளர்க்கும் பள்ளிகள் குறைந்துகொண்டே வருகின்றன. கடும் வெயில், பறவைக் காய்ச்சல் பயம், லீவு நாளில் தீனி போட ஆள் இல்லாதது என்று பல காரணங்கள். கிராமங்களில் குழந்தைகளே குறைந்து பள்ளிகள் இணைக்கப்படுகின்றன. பேருந்தில் போய் வரும் குழந்தைக்குத் தன் ஊர் வயல் மறுபடி தூரமாகிறது. விவசாயிகளுக்கும் வயதாகிவிட்டது. நாரைக்கு இன்று இரை கொடுக்கும் வயலை 20 ஆண்டுகள் கழித்து யார் உழுவார்கள் என்பது டோயோகாவின் முன்னால் நிற்கும் நிஜமான கேள்வி. குழந்தைகளை வயலுக்கு அழைத்துப்போவதில் அந்த ஊருக்கு இருக்கும் அவசரமும் இதுதான்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

டோயோகாவின் ஆற்றுப் பகுதியும் வயல்களும் 2012-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளமும், செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலும் அதே பட்டியலில் இருக்கின்றன. மஞ்சள் மூக்கு நாரை ஊர் மரத்தில் கூடு கட்டுவதும், பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாவதும் அங்கே காலம் காலமாகத் தெரிந்த விஷயம். நாரையும் நெல்லும் சேர்ந்த பாடம் நமக்கு வெளிநாட்டுச் சரக்கு இல்லை.

சட்டமும் இருக்கிறது. எம்.சி.மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2003-ல் அதை மறுபடி வலியுறுத்தியது. பாடப்புத்தகம் வந்தது, பசுமைப் படைகள் வந்தன. புத்தகத்துக்கு வெளியே போக வாரத்தில் எத்தனை பாடவேளை என்ற கேள்விக்குத்தான் பல பள்ளிகளில் இன்னும் பதில் இல்லை. ஜூன் 5 அன்று மரக்கன்று நட்டு, படம் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் கடமை முடிந்துவிடுகிறது.

உங்கள் பிள்ளையின் பள்ளி 'இயற்கைக் கல்வி தருகிறோம்' என்று சொன்னால், இந்த 5 கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

- இதற்கு டைம்டேபிளில் பாடவேளை இருக்கிறதா, இல்லை மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையா?
- என் பிள்ளைக்கென்று ஒரு செடியோ, ஒரு பாத்தியோ, ஒரு பொறுப்போ உண்டா?
- விளைந்தது எங்கே போகிறது? சாப்பாட்டுத் தட்டுக்கு வருமா?
- பள்ளியைச் சுற்றி இருக்கும் விவசாயி, தூய்மைப் பணியாளர், மீனவர் யாராவது வகுப்போடு பேசியிருக்கிறார்களா?
- மே மாத லீவில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

அரசுப் பள்ளியாக இருந்தாலும் தனியார் பள்ளியாக இருந்தாலும் இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. இடம் இல்லாவிட்டால் வாளி போதும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தூவினால் ஒரு மாதத்துக்குள் கீரை தட்டுக்கு வந்துவிடும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குழந்தையோடு நீங்களும் கலந்துகொள்ளலாம்.

ஐந்து கேள்விகளில் கடைசிக் கேள்விக்குப் பள்ளி என்ன பதில் சொல்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். உடனே ஒரு பெயரோ, ஒரு ஏற்பாடோ வந்தால், அங்கே தோட்டம் நிஜமாகவே இருக்கிறது என்று நம்பலாம்.